எந்த ஹைடு

முனிரத்தினத்துக்குத் தெரிந்த இங்கிலீஷ் மொத்தமே நாற்பது, நாற்பத்தைந்து வார்த்தைதான். அத்தனையும் செத்த மாட்டின் மேல் முத்திரை குத்தி வந்த வார்த்தைகள். ஹைடு, லாட், ரிஜெக்ட், பையர், வெட் புளூ, கிரஸ்ட். ஊரில் மற்றவர்கள் ஆப்பிளில் தொடங்கி ஜீப்ராவில் முடித்தார்கள். இவர் ஹைடில் தொடங்கி அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கியபோது அவருக்கு நாற்பத்து நாலு வயது. படிப்பு மேல் ஆசை வந்து படித்தவர் இல்லை. கை போனதால் படித்தார். ஆம்பூருக்கும் பேரணாம்பட்டுக்கும் நடுவில் இருக்கிற தோல் கம்பெனி ஒன்றில் பதினேழு வருடம் சுண்ணாம்புக் குழியில் நின்றவர். மயிர் கழல்வதற்காக மாட்டுத்தோலை ஊறப்போடும் குழி அது. மாட்டுக்கு மயிர் போவதற்குள் ஆளுக்குத் தோல் போய்விடும். கையுறை கொடுத்தார்கள். அதற்குள்ளும் சுண்ணாம்பு போகும், போனது வெளியே வராது. விரல் இடுக்கெல்லாம் வெடித்து, சோறு பிசைந்தால் குழம்பு எரிந்தது. வேலூரில் ஸ்கின் டாக்டரிடம் போனார். டாக்டர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இனி சுண்ணாம்பு பக்கமே போகக்கூடாது, போனால் விரல் மடங்காது என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

கம்பெனியில் சுண்ணாம்பு படாத வேலை ஒன்றே ஒன்று காலியாக இருந்தது. செலக்‌ஷன் மேஜை. பதமாகி வந்த தோலை விரித்துப் போட்டு, கீறல், உண்ணிக்கடி, கத்திவெட்டு பார்த்து, தரம் பிரித்து, சீட்டு கட்டி வைக்கிற வேலை. ஆனால் சீட்டைப் படிக்கத் தெரிந்தவன்தான் வேண்டும் என்றார்கள். எட்டு மாதம், சாயங்காலம் சாயங்காலம், பேரணாம்பட்டில் ஒரு சர்ச் ஹாலில் உட்கார்ந்து தமிழ் படித்தார். தோலையும் தோளையும் கடைசி வரை மாற்றி மாற்றித்தான் எழுதினார். இரண்டும் போனவனுக்கு எந்த ல போட்டால் என்ன. இங்கிலீஷை யாரும் சொல்லித் தரவில்லை. அதைத் தோலிலிருந்தே பொறுக்கிக்கொண்டார்.

அன்றிலிருந்து எட்டு வருடமாக மேஜை அவருடையது. அவருக்கு இருந்த ஒரே சொத்து அதுதான் என்று சொன்னால் வீட்டில் சௌந்தரத்துக்குக் கோபம் வரும். வந்தாலும் உண்மை அதுதான்.

மேஜைக்கு வந்த பிறகு அவருக்கு வார்த்தைகளைப் பற்றிச் சொந்தக் கருத்துகூட உண்டாயிற்று. தமிழில் ஆடு, மாடு, வாழைப்பழம் எல்லாவற்றுக்கும் ஒரே தோல். இங்கிலீஷ்காரன் அப்படி இல்லை, ஆள் பார்த்து மரியாதை கொடுக்கிறவன். மாட்டுக்கும் எருமைக்கும் ஹைடு. ஆட்டுக்கு ஸ்கின்.

"மனுசனுக்கு?" என்று ஒரு நாள் சமீருல்லா கேட்டான். பி.ஏ. இங்கிலீஷ் படித்துவிட்டு, பக்கத்து ஷெட்டில் தோலுக்குச் சாயம் அடிக்கிற ஸ்ப்ரே மெஷின் ஓட்டுகிறவன்.

"ஸ்கின் டாக்டர்னுதானே போர்டு போட்டுக்கீறான். ஹைடு டாக்டர்னு எங்கனா பாத்தியா? மனுசன் ஆட்டுக் கணக்கு."

"நம்ம மேனேஜர்?"

"அவரு ஹைடு. தடிமன் ஜாஸ்தி."

மேனேஜர் நவீன்குமார் சென்னையிலிருந்து வந்து ஒன்றரை வருடம். நல்ல பையன்தான், ஆனால் எல்லாவற்றிலும் அவசரம். வாயால் ஒன்று சொன்னால் போனில் நாலு சொல்லுவார். முனிரத்தினத்துக்கு மட்டும் எப்போதும் குரலில் அனுப்புவார். எழுதி அனுப்பினால் இந்த ஆள் எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் ஷிப்ட் முடிந்துவிடும் என்று ஒருமுறை அவரே சொல்லியிருக்கிறார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை குரலில் அனுப்ப வழியில்லை. தோல் வாங்க வந்த வெளிநாட்டு பையர் காரில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தார். வேலூர் ஹோட்டலிலிருந்து அவரைக் கூட்டிக்கொண்டு வந்த நவீன்குமார், வழியில் எங்கேயோ, போனை மடியில் வைத்துத் தட்டி விட்டார். ஒன்பது இருபதுக்கு முனிரத்தினத்தின் சட்டைப் பையில் போன் துடித்தது. இங்கிலீஷில் ஒரே வரி.

ஹைட் ரிஜெக்ட்ஸ் 40 பிஃபோர் பையர்.

முனிரத்தினம் அதை இரண்டு தரம் படித்தார். நாலு வார்த்தை, ஒரு நம்பர். நாலும் தெரிந்த வார்த்தை. அவருக்கு நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்துவிட்டது. ஹைடு, மாட்டுத்தோல். ரிஜெக்ட்ஸ், கழித்தது. நாற்பது, மூலையில் கிடக்கிற அந்த நாற்பதுதான். பையர் தெரியும். பிஃபோர் டாக்டர் சீட்டில் வந்த வார்த்தை. மாத்திரைக்குப் பக்கத்தில் பிஃபோர் ஃபுட் என்று போட்டிருந்ததை மருந்துக்கடைக்காரர் சாப்பாட்டுக்கு முன்னாடி என்று சொல்லிக் கொடுத்திருந்தார். அப்படியானால் பையருக்கு முன்னாடி. கழித்த ஹைடு நாற்பதும் பையருக்கு முன்னாடி.

சமீருல்லாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. எட்டு வருடத்தில் முதல் முறையாக ஒரு மனிதன் தன்னை நம்பி எழுத்தில் அனுப்பியிருக்கிறான், அதைப் போய் இன்னொருத்தனிடம் காட்டுவதா.

ரிஜெக்ட் கிடந்த மூலை இருட்டு. அங்கே டியூப்லைட் போய் மூன்று வருடம். கேட்டால் பார்க்கலாம் என்பார்கள். போன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய், தார்ப்பாயை விலக்கி, இரண்டு ஆளை வைத்து நாற்பதையும் வெளியே இழுத்தார். நாலு மாதத்துக்கு முன் இதே பையர் வந்து பார்த்து, வேண்டாம் என்று கழித்து, ஒவ்வொன்றிலும் பச்சை மசியில் தன் சீலைக் குத்திவிட்டுப் போன தோல்கள்.

ஒரு வேலையை அரைகுறையாகச் செய்ய முனிரத்தினத்துக்கு வராது. ஹாலின் வாசலுக்கு நேரே, ஜன்னல் வெளிச்சம் நன்றாக விழுகிற இடத்தில், மர ஸ்டாண்டுகளை வரிசையாகப் போட்டார். பச்சை சீல் மேலே தெரிகிற மாதிரி நாற்பதையும் விரித்தார். ஒன்று முதல் நாற்பது வரை சாக்பீஸால் நம்பர் போட்டார். உண்ணிக்கடி ஒவ்வொன்றையும் சிவப்பு சாக்பீஸால் வட்டம் போட்டார். நேரம் மிச்சம் இருந்ததால் ஒரு அட்டையில் இங்கிலீஷில் ரிஜெக்ட் ஹைடு 40 என்று எழுதி முதல் ஸ்டாண்டில் மாட்டினார். எச்.ஆர். சோபனா பையருக்காகக் கொண்டுவந்த சந்தன மாலையை வைக்க இடமில்லாமல் அந்த அட்டை மேலேயே தொங்கவிட்டுவிட்டு டீ சொல்லப் போனாள். பார்த்தால் ஏதோ பெரிய மனிதர் காலமான வீடு மாதிரி இருந்தது.

பத்தே காலுக்குக் கார் வந்தது. பையர் உள்ளே வந்தார். மாலை அவருக்கு என்று நினைத்து அதை நோக்கி நடந்தார். பக்கத்தில் வந்ததும் நின்றார். குனிந்தார். கட்டை விரலால் பச்சை சீலைத் தேய்த்துப் பார்த்தார். தன் வீட்டில் காணாமல் போன பாத்திரத்தை அடுத்த வீட்டு அடுப்பில் பார்த்தவர் மாதிரி இருந்தது அவர் முகம்.

"கிளவ்ஸ்?" என்றார் நவீன்குமாரைப் பார்த்து.

குரோமில் ஊறி டிரம்மிலிருந்து முதலில் வெளியே வரும் தோல் வெளிறிய நீலத்தில் இருக்கும். அதைத்தான் வெட் புளூ என்பார்கள். நவீன்குமாரின் முகம் அந்த நிறத்துக்கு வந்தது.

பையர் முனிரத்தினத்தின் பக்கம் திரும்பி, யார் வைக்கச் சொன்னது என்கிற மாதிரி ஏதோ கேட்டார். முனிரத்தினத்துக்கு அது புரிந்தது. பெருமையாகச் சிரித்து, மேனேஜரைக் கை காட்டி, மெசேஜைக் காட்டுவதற்காகச் சட்டைப் பையில் கையை விட்டார். நவீன்குமார் பாய்ந்து வந்து அந்தக் கையைப் பையோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"அப்புறம். அப்புறம் பேசிக்கலாம்ணா" என்றார். அண்ணா என்று அவர் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

பையர் ஒரு நாளில் போகிறவர், இரண்டு நாள் இருந்தார். கழித்தது எதுவும் கலந்திருக்கிறதா என்று, கட்டி சீல் வைத்திருந்த அறுநூறு தோலையும் பிரிக்கச் சொல்லி ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். அவருக்காக ஏலகிரியில் போட்டிருந்த ரூமில் யார் படுத்தார்களோ தெரியாது. போகும்போது ஒரு காகிதம் கொடுத்தார். வெட்டி கிளவ்ஸ் ஆகிவிட்டது என்று நீங்கள் எனக்கு எழுதிய நாற்பது தோல் முழுசாக எப்படி வந்து நின்றது, யார் சொல்லி வந்தது, அந்த உத்தரவின் நகலோடு ஒரு வாரத்தில் எழுத்தில் வேண்டும்.

வியாழக்கிழமை மத்தியானம் சோபனா முனிரத்தினத்திடம் ஒரு மெமோ கொடுத்தாள். கம்பெனியை அவமானப்படுத்தும் எண்ணத்தோடு, மேலதிகாரி உத்தரவுக்கு நேர்மாறாக, வேண்டுமென்றே ரிஜெக்டைக் காட்சிக்கு வைத்ததாக அதில் இருந்தது. பதில் எழுதித் தர வேண்டும். திங்கட்கிழமை முதலாளி முன்னிலையில் விசாரணை. பதில் சரியில்லை என்றால் சுண்ணாம்புப் பிரிவுக்கு மாற்றம்.

கடைசி வரியை அவர் எழுத்துக் கூட்டவே வேண்டியிருக்கவில்லை. சுண்ணாம்பு என்கிற வார்த்தையைக் கை முதலில் படித்துவிட்டது.

"நேர்மாறான்னா இன்னாம்மா?" என்று கேட்டார். "அவரு சொன்னததானே செஞ்சேன்."

சோபனா அவரைப் பார்த்தாள், மேனேஜர் ரூமைப் பார்த்தாள். "எனக்கு டைப் பண்ண சொன்னாங்கண்ணே" என்று போய்விட்டாள்.

கேட்டுக்கு எதிர் டீக்கடையில் சமீருல்லா மெசேஜை வாங்கிப் பார்த்தான். பார்த்ததும் டீ மூக்கில் ஏறிவிட்டது. இருமி முடிக்க ஒரு நிமிடம் ஆயிற்று.

"அண்ணே, இதுல ஹைடுன்னா மாடு இல்லண்ணே. ஒளிச்சு வெய்னு அர்த்தம். பையர் வர்றதுக்கு முன்னாடி ரிஜெக்ட ஒளிச்சு வெய்னு அனுப்பிக்கீறாரு."

முனிரத்தினம் கிளாஸைக் கீழே வைத்தார். "அது வேற எழுத்தா இருக்கும்டா."

"ஒரே எழுத்துதான். எச்சு, ஐயி, டீ, ஈ."

"ரெண்டும் ஒரே எழுத்துன்னா எது எதுன்னு எப்படித் தெரியும்?"

"மொதல்ல வந்தா வேலைண்ணே. செய்னு அர்த்தம். அப்புறமா வந்தா பொருளு."

"எட்டு வருசமா மொதல்லதான்டா வருது. ஹைடு லாட் பன்னண்டு. ஹைடு ஸ்டோரு. ஹைடு செலக்‌ஷன். அப்ப ஸ்டோர ஒளிச்சு வெக்கறதா?"

சமீருல்லா யோசித்தான். மூன்று வருடம் காலேஜில் இதை யாரும் அவனிடம் கேட்டதில்லை. "அதுவும் சரிதான்" என்றான்.

"ஸ்கின்னுக்கும் இப்டி இன்னொண்ணு இருக்குதா?"

"இருக்குது. ஸ்கின்ன வேலையா ஆக்குனா உரிக்கிறது."

"லெதரு?"

"இடுப்பு வாரால வெளுக்கறது."

"மயிரோட வர்ற ஆட்டுத்தோல் மூட்டையில பெல்ட்டுன்னு போட்டிருப்பானே, அது? இடுப்புல கட்டறதா?"

"அந்த பெல்ட்டு வேற. தமிழ்ல ரெண்டுக்கும் ஒரே ப போட்டு பேஜார் பண்ணிட்டாங்க. மூட்டையில இருக்கிற பெல்ட்டுன்னா கல்லெறியறது. நியூஸ்ல சொல்றான் பாரு, ஸ்டோன் பெல்ட்டிங்னு."

"டேனிங்?"

"வெயில்ல கறுக்கறது. ரொம்பக் கோவம் வந்தா அதுக்கும் அடிக்கிறதுன்னு அர்த்தம் உண்டு."

முனிரத்தினம் விரலை மடக்கி எண்ணினார். ஒளிக்கிறது, உரிக்கிறது, வெளுக்கறது, கல்லெறியறது, கறுக்கறது. "இங்கிலீஷ்காரன் தோலுக்கு எந்தப் பேரு வெச்சாலும், அத வேலையா ஆக்கினா ஒண்ணு திருட்டு, இல்லன்னா அடிதடி. நல்ல காரியம் ஒண்ணுகூட இல்லையாடா?"

"தோலுக்கு நல்ல காரியம் ஏது அண்ணே."

"உங்க வீட்ல இன்னா சொல்வீங்க?"

"உருதுல பதம் பண்ணதுன்னா சம்டா. பச்சைத்தோலுன்னா கால். மூச்சு விட்டுச் சொல்லணும், க்ஹால். பக்ரீதுக்கு மறுநாள் கால் இருக்குதான்னு கேட்டுக்கிட்டு ஆளு வருவான்."

"எங்க பாஷையில கால வாரறதுன்னு ஒண்ணு கீது. அத மேனேஜர் ஏற்கெனவே பண்ணிட்டாரு."

சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. பேரணாம்பட்டு பஸ் வந்தது, ஏறிக்கொண்டார்.

சௌந்தரம் முறத்தை மடியில் வைத்து பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். தலை நிமிராமலே கேட்டாள். "இன்னாய்யா, மூஞ்சி ரிஜெக்ட் மாரி கீது?"

அவர் முழுக்கச் சொன்னார். மெமோவைப் படித்துக் காட்டினார். சுண்ணாம்பு என்று வந்த இடத்தில் அவள் விரல் நின்றது. இலை பாதி சுருளில் பிரிந்து தூள் கொட்டியது. அவள் அதைப் பொறுக்கவில்லை. அவர் கையை இழுத்து, விரல் இடுக்கைப் பிரித்துப் பார்த்தாள். எட்டு வருடத்தில் மூடிக்கொண்ட வெடிப்பெல்லாம் வெள்ளைக் கோடாக இருந்தது.

"இந்தக் கையோடயா போவ? தெரியாம பண்ணிட்டேன்னு எழுதிக் குடுத்துடு."

"தெரியாதுன்னா மேஜை போய்டும்மே. படிக்கத் தெரியாதவனுக்கு எதுக்கு மேஜைன்னுவாரு. தெரியும்னா வேணும்னே பண்ணான்னுவாரு. எப்படிப் போனாலும் குழிதான்."

"ரெண்டு பக்கமும் வெட்டறா மாரி ஒரு வார்த்தைய எதுக்குய்யா வெச்சான் அந்த இங்கிலீஷ்காரன்?"

"அத என்ன கேக்கறியே."

அவள் இன்னொரு இலையை எடுத்தாள். அதைச் சுற்றி நூல் கட்டி முறத்தில் போட்டாள். அவளுக்கு எந்தப் பாஷையிலும் எழுத்து தெரியாது. எழுதினதை நம்பி அவள் இது வரை எதையும் செய்ததில்லை.

"அந்த வெள்ளைக்காரன் எல்லாத்தையும் எழுதி அனுப்பச் சொல்லிக்கீறான்னியே?"

"ஆமா. மெசேஜோட."

"அப்ப அதுக்கு இன்னா அர்த்தம்னு அனுப்பினவனையே எழுதச் சொல்லு. ஒளிச்சு வெக்கச் சொன்னேன், இந்தாளு ஒளிக்கலன்னு அவன் எழுதட்டும். எழுதி அந்த வெள்ளைக்காரனுக்கே அனுப்பட்டும். கையி வருமா அவனுக்கு?"

முனிரத்தினம் எழுந்துபோய் நோட்டை எடுத்துவந்தார். பதில் எழுத ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. மூன்றே வரி. *ஐயா, மெசேஜில் இருந்த எல்லா வார்த்தையும் எனக்குத் தெரியும். நான் சரியாகத்தான் படித்தேன், படித்தபடிதான் செய்தேன். அதில் ஹைடு என்பதற்கு வேறு அர்த்தம் இருந்தால் மேனேஜர் சார் எழுதிக் கொடுத்தால் தெரிந்துகொள்கிறேன்.*

திங்கட்கிழமை முதலாளி ஷபீ அஹமது வந்து ஏசி ரூமில் உட்கார்ந்தார். எழுபது வயதுக்கு மேல். இன்றைக்கும் ஒரு தோலை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் எந்தச் சந்தையில் வாங்கியது என்று சொல்லிவிடுவார் என்பார்கள். சோபனா கம்ப்யூட்டரில் உட்கார்ந்தாள். நவீன்குமார் உட்காரவில்லை. முனிரத்தினம் உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

சோபனா மெமோவைப் படித்தாள். பிறகு அந்த மூன்று வரியைப் படித்தாள். முதலாளி கண்ணாடியைக் கழற்றினார்.

"இங்க ஹைடுன்னா இன்னா, நவீன்?"

"சார், அது கான்டெக்ஸ்ட் பொறுத்து..."

"கான்டெக்ஸ்ட் இருக்கட்டும். அர்த்தத்த சொல்லுங்க. அந்தப் பொண்ணு எழுதணும்ல."

"நீங்க சொல்றத அப்படியே டைப் பண்றேன் சார்" என்றாள் சோபனா. முகத்தில் ஒன்றும் இல்லை. "இதுதான் பையருக்குப் போற காப்பி."

நவீன்குமார் கம்ப்யூட்டர் திரையை எட்டிப் பார்த்தார். முனிரத்தினத்துக்கு அவரைப் பார்க்கப் பாவமாகக்கூட இருந்தது. பி.டெக், எம்.பி.ஏ., எத்தனை ஆயிரம் வார்த்தை உள்ளே இருக்கும், வெளியே விட ஒன்றுகூட இல்லை. ஒளித்து வை என்று சொன்னதாக ஒத்துக்கொண்டால் பையரிடம் தொலைந்தார். இல்லை என்றால் மெமோ தொலைந்தது.

"ஹைடுன்னா..." என்றார். தொண்டையைக் கனைத்தார். "தோல் சார்."

"பொருளா?"

"பொருள்தான் சார்."

"பிஃபோர் பையர்னா?"

"பையர்... முன்னாடி."

"எதிர்லயா, இல்ல அவரு வர்றதுக்கு முந்தியா?"

"எதிர்ல சார்."

"கழிச்ச மாட்டுத்தோல் நாப்பது, பையருக்கு எதிர்ல" என்றார் முதலாளி நிதானமாக. "இவரு அதத்தானே பண்ணியிருக்காரு. இதுல நேர்மாறா எங்க வந்துது?"

சோபனாவின் விரல் கீபோர்டு மேல் காத்திருந்தது. நவீன்குமார் தரையில் எதையோ தேடினார்.

முதலாளி முனிரத்தினத்தின் பக்கம் திரும்பினார். "உனக்கு அந்த வார்த்தைக்கு வேற அர்த்தம் தெரியுமா, தெரியாதா?"

இந்தக் கேள்வி வரும் என்று அவர் நினைக்கவில்லை. சௌந்தரமும் இதற்குப் பதில் சொல்லி அனுப்பவில்லை. பொய் சொல்லலாம். அவசரத்தில் பொய் சொல்ல வராத ஆள்.

"வியாழக்கிழமைலேருந்து தெரியும் மொதலாளி" என்றார். "செவ்வாக்கிழமை தெரியாது."

ஷபீ அஹமது சத்தம் வராமல் சிரித்தார். வயிறு மட்டும் குலுங்கியது. சிரித்து முடித்துவிட்டு நவீன்குமாரைப் பார்த்தபோது அந்தச் சிரிப்பு இல்லை.

"கிளவ்ஸ் வெட்டியாச்சுன்னு சொல்லித்தானே எங்கிட்ட அன்னிக்கு லெட்டர்ல கையெழுத்து வாங்கினீங்க. என் பேரு அதுல இருக்கு." சோபனாவின் விரல் அசைந்தது. "இத டைப் பண்ணாதம்மா."

பிறகு மெசேஜின் நகலை வாங்கி, சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, ஹைடுக்கும் ரிஜெக்டுக்கும் நடுவில் ஒரு சின்னக் கோடு போட்டார். ஒரு மயிரளவு கோடு, இரண்டு வார்த்தையும் ஒட்டி ஒரே பொருளாகிவிட்டது. மாடு மாடாகவே நின்றுவிட்டது.

"வெட்டறவன் லேட் பண்ணிட்டான், அதுக்கு வருந்தறோம்னு ஒரு வரி போடு. கழிச்சதப் பையர் கண்ணுக்கு முன்னாடி வெக்கறது இந்தக் கம்பெனி பழக்கம்னு அடுத்த வரி போடு."

"நம்ம பழக்கமா சார்?" என்றாள் சோபனா.

"இன்னிலேருந்து."

ஹைடு என்றால் தோல் என்று சோபனா அடித்துக் கொடுத்த காகிதத்தில் நவீன்குமார் கையெழுத்துப் போட்டார். முனிரத்தினம் நகர்வாரா என்று எல்லாரும் பார்த்தார்கள். அவர் நகரவில்லை.

"எனக்கு ஒரு ஜெராக்ஸ் குடுங்கம்மா" என்றார்.

ஜெராக்ஸை நாலாக மடித்து, பிளாஸ்டிக் கவரில் போட்டு, சாப்பாட்டுப் பையின் அடியில் வைத்துக்கொண்டு மேஜைக்குத் திரும்பினார். அன்று சாயங்காலம் சௌந்தரத்திடம் கொடுத்தபோது அவள் அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "எழுத்து நல்லாத்தான் கீது" என்று திருப்பிக் கொடுத்தாள்.

மறுவாரம் நோட்டீஸ் போர்டில் ஒரு சர்க்குலர் ஒட்டினார்கள். இனி தொழிலாளர்களுக்கு உத்தரவுகள் தமிழிலேயே அனுப்பப்படும். குழப்பம் எல்லாம் இங்கிலீஷால் வந்தது என்று மேனேஜர் முடிவு கட்டியிருந்தார். ஸ்கூலில் அவர் இரண்டாம் மொழியாகப் படித்தது ஃபிரெஞ்சு. அதனால் போனிடம் இங்கிலீஷில் சொல்லி, போன் தமிழில் எழுதித் தருவதை அப்படியே அனுப்பிவந்தார். ஒரு நாள் குடிநீரைத் தூக்கிலிடவும் என்று வந்தது. தண்ணீர் கேனை ஸ்டாண்டில் மாட்டச் சொல்கிறார் என்று கண்டுபிடிக்க ஷெட்டில் எல்லாரும் கூடி உட்கார வேண்டியிருந்தது.

மூன்று மாதம் கழித்துப் பையர் மறுபடி வருவதாக இருந்தது. இந்தத் தடவை ரிஜெக்ட் இருபத்திரண்டு. காலை எட்டே முக்காலுக்குப் போன் துடித்தது.

நிராகரித்த தோல் 22 ஒளி. வாங்குபவர் முன்.

முனிரத்தினம் மேஜையில் சாய்ந்து நின்று படித்தார். சர்ச் ஹாலில் மூன்று நாள் இதிலேயே ஓட்டினார்கள். ஒலி, ஒளி, ஒழி. முதலாவது சத்தம், இரண்டாவது வெளிச்சம், மூன்றாவது நாசமாய்ப் போ. ஒழி என்று அனுப்பாத வரைக்கும் நல்லது. நடுவில் இருக்கிற ஒளிக்கு இன்னொரு அர்த்தமும் உண்டு என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். இந்தப் பாஷையில் செவ்வாய்க்கிழமை, வியாழக்கிழமை எதுவும் கிடையாது. பிறந்ததிலிருந்தே தெரியும்.

சமீருல்லா வந்து தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். "அண்ணே, இன்னும் திருந்தலையே அந்தாளு. புரியுதா இன்னா சொல்றாருன்னு?"

"புரியாம இன்னா. சுத்தத் தமிழு."

போனை எடுத்துக்கொண்டு நேராக எலெக்ட்ரீஷியன் வேலுவின் ரூமுக்குப் போனார். மூன்று வருடமாகப் போய் நின்ற அதே வாசல்.

"மேனேஜர் ஆர்டர்" என்று போனை நீட்டினார். "ரிஜெக்ட் மூலைக்கு ஒளி வேணுமாம். பையர் வர்றதுக்கு முன்னாடி."

வேலு வாங்கிப் படித்தான். ஒளி. முன். பேர், நம்பர், நேரம் எல்லாம் சரியாக இருந்தது. "எழுத்திலேயே குடுத்துட்டாரா. அப்ப போட்டுடலாம்" என்று ஏணியை எடுத்தான். ஒன்றுக்கு இரண்டாகப் புது டியூப்லைட் போட்டுக் கொடுத்தான்.

இருபத்திரண்டு தோலையும் அதன் கீழே விரித்து, நம்பர் போட்டு, சிவப்பு வட்டம் போட்டார் முனிரத்தினம். இந்த முறை மாலையை யாரும் கொண்டுவரவில்லை. சாப்பாட்டுப் பையின் அடியில் கவர் இருக்கிறதா என்று ஒரு தரம் தொட்டுப் பார்த்துக்கொண்டார். இருந்தது. மேனேஜர் கையெழுத்தோடு இருந்தது.

கேட்டில் காரின் ஹாரன் கேட்டது. வாட்ச்மேன் திறக்க எப்படியும் இரண்டு நிமிடம் ஆகும். சும்மா நிற்கிறோமே என்று இரண்டு கையையும் லைட்டுக்குக் கீழே நீட்டித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உண்ணிக்கடி இல்லை. கத்திவெட்டு நாலைந்து. வெடிப்புக் கோடு ஜாஸ்தி. தரம் பிரித்தால் மூன்றாம் தரம் வரும்.

ரிஜெக்ட் வராது.